கட்டுவதற்கு முன் நாடி

கட்டுத்துணியைப் பிரிப்பதற்கு முன்னால் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைப்பேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலிருந்து மேலேறும் கோட்டில் ஒரு நாடி உண்டு. உட்கணுக்காலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இன்னொன்று. இரண்டும் விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் துணி உருளையைத் தொடுவேன். புண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீர் எவ்வளவு வடிந்தாலும், வந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வரிசை மாறாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் ஆறாத கால் புண்களுக்குக் கட்டுப்போடும் செவிலியாகவே என் தலை நரைத்தது. என் தொழிலில் மிக முக்கியமான பாடம் எது என்று கேட்டால் இந்த இரண்டு விரலைத்தான் காட்டுவேன்.

காலில் இரண்டு வகைக் குழாய்கள் இருக்கின்றன. தமனி இதயத்திலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுவருகிறது. சிரை அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. சிரை கெட்ட காலுக்கு அழுத்திக் கட்டுவதுதான் முதல் வைத்தியம். தமனி அடைபட்ட காலை அதே மாதிரி அழுத்திக் கட்டினால், வந்துகொண்டிருக்கும் கொஞ்ச ரத்தமும் நின்று விரல் கறுத்துப்போகும். இரண்டிலும் வலி உண்டு, புண் உண்டு, வீக்கமும் இருக்கலாம். இரண்டு பேரும் எங்களிடம் வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: “சிஸ்டர், காலுக்கு ரத்த ஓட்டமே இல்ல.” எந்தக் குழாய் கெட்டது என்று தெரியாமல் துணியைச் சுற்றும் கை, எவ்வளவு அன்பான கையாக இருந்தாலும், ஆபத்தான கை.

எங்கள் வட்டாரத்தில் சிரை கெடுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றங்கரை நெடுகத் தோல்தான் பிழைப்பு. டேனரியில் டிரம் பக்கம் நிற்பவர், சவ்வு எடுக்கும் மெஷினில் நிற்பவர், பதனிட்ட தோலைச் சாயம் பார்த்துத் தரம் பிரிப்பவர், எல்லாருமே நின்றபடிதான் வேலை செய்கிறார்கள். ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் இருக்கும் பெண்களுக்காவது உட்கார இடம் உண்டு. லாஸ்டிங், பசை தடவுதல், பாலிஷ், பேக்கிங் என்று லைனில் நிற்கும் பெண்கள் காலை ஷிப்ட் மணி அடித்ததிலிருந்து சாப்பாட்டு வேளை வரை ஒரு அடிச் சதுரத்துக்குள் நிற்கிறார்கள். நடந்தால் தேவலை. நகராமல் நிற்பதுதான் கெடுதல்.

ஏன் என்று எண்ணிக்கையோடு சொல்கிறேன். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் பாதரச அளவில் 80 முதல் 90 மில்லிமீட்டர் அழுத்தம் இருக்கும். இதயத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும் ரத்தத்தின் எடை அது. நாலு அடி நடந்தால் கெண்டைத்தசை சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பக் கீழே விழவிடாது. அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கும். ஆண்டுக்கணக்கில் நின்று நின்று சிரை விரிந்தபின் வால்வின் இரண்டு இதழும் ஒன்றோடொன்று சேராமல் போகிறது. அப்புறம் நடந்தாலும் அழுத்தம் இறங்குவதில்லை. முதலில் மாலையில் கால் கனக்கிறது. அப்புறம் தொடையிலும் கெண்டையிலும் நரம்பு சுருண்டுகொள்கிறது. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் செம்பழுப்பாகிறது. கசிந்த ரத்த அணுக்களின் இரும்புச்சத்து விட்டுச்செல்லும் கறை அது. கறை படிந்த தோல் கெட்டிப்படுகிறது, அரிக்கிறது, ஒரு நாள் மேசை முனையில் லேசாக இடித்துக்கொண்டதும் திறந்துகொள்கிறது. அந்தப் புண் இரண்டு வருடம், ஐந்து வருடம் என்று மூடாமல் கிடக்கும். மூடாத புண்ணோடு ஷிப்டுக்குப் போய்வரும் பெண்களை எனக்குத் தெரியும். புடவைக்குள், சல்வாருக்குள் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

புண் இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும். உட்கணுக்காலுக்கு மேலே, அகலமாக, ஆழமில்லாமல், ஈரமாக இருந்தால் சிரை. விரல் நுனியில், குதிகாலில், வறண்டு கறுத்து, இரவில் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்றால் தமனி. உள்ளங்காலில், பெருவிரலின் அடிப்பகுதியில், வலியே இல்லாமல் குழிபோட்டிருந்தால் மரத்த பாதம்; இன்று அதற்குப் பெரும்பாலும் சர்க்கரை நோய்தான் காரணம், முன்பு தொழுநோய். மரத்த பாதத்தைப் பற்றி உலகத்துக்குப் பாடம் போனதே எங்கள் வேலூரிலிருந்துதான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் பாதத்தில் புண் வருவது சதை அழுகுவதால் அன்று, வலி தெரியாமல் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தத்தால்தான் என்று அவரும் கூட இருந்தவர்களும் நிறுவினார்கள். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிட நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகளை வேலூரிலும் கரிகிரி தொழுநோய் மையத்திலும் தைத்துக் கொடுத்தார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் இந்த வட்டாரத்திலிருந்து போன காலணிகளில் என் மனதில் முதலிடம் அந்தச் செருப்புக்குத்தான். அழுத்தம் எங்கே கெடுக்கும், எங்கே குணப்படுத்தும் என்பதே என் தொழில் என்பதால் அவரை அடிக்கடி நினைப்பேன்.

சரி, நாடி கிடைத்தது, புண் சிரைப் புண்தான் என்று தெரிந்தது. இனிக் கட்டு. புண்ணைக் கழுவுவது எளிது: கொதித்து ஆறிய தண்ணீர் போதும். ஸ்பிரிட், நுரைக்கும் மருந்து, ஆன்டிபயாடிக் பவுடர், மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். புதிதாக முளைக்கும் தோல் அணுக்களை அவை எரிக்கும், அல்லது மூடி மறைக்கும். புண்ணின் மேல் ஒட்டாத ஒரு டிரெஸ்ஸிங். ஆற்றுவது அதுவும் இல்லை. ஆற்றுவது அதற்கு மேலே வரும் அழுத்தம்.

பாதத்தைக் கணுக்காலோடு செங்கோணத்தில் நிறுத்தச் சொல்வேன். முதலில் பஞ்சுச் சுற்று. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஓடும் முன்னெலும்பின் விளிம்பில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. அங்கே பஞ்சு இல்லாமல் இழுத்துக் கட்டினால் புதுப்புண் வரும். மெலிந்த கணுக்கால் என்றால் இன்னும் கூடுதல் பஞ்சு. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே இழுவிசையில் சுற்றினாலும் குறுகலான இடத்தில் அழுத்தம் கூடும், பருத்த இடத்தில் குறையும். கணுக்கால் குறுகல், கெண்டை பருமன். ஆகவே கை ஒரே சீராக இழுத்தால் போதும், கணுக்காலில் அதிகமாகவும் முழங்காலுக்குக் கீழே குறைவாகவும் அழுத்தம் தானாக அமைந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்: கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர், மேலே போகப்போக அதில் பாதி. ரத்தம் மேல்நோக்கித்தானே போக வேண்டும்.

விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலை விடாமல் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கும்படி ஏறி, முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே முடிப்பேன். குதிகாலை மூடாமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொண்டு புடைக்கும். மேல்முனையை மடித்து இறுக்கினால் அது கயிறாகி, கீழேயிருந்து வரும் ரத்தத்தைத் தடுக்கும். லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980களில் வகுத்த நான்கு அடுக்குக் கட்டுதான் எங்களுக்கும் பாடம்: பஞ்சு, கிரேப், இழுபடும் துணி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் மேல்சுற்று. நான்கும் வாங்க முடியாத வீடுகளே இங்கே அதிகம். அப்போது பஞ்சும் இரண்டு கிரேப்பும் வைத்து, அடிக்கடி அவிழ்த்துக் கட்டி ஈடுகட்டுவோம். கிரேப் நாலைந்து முறை துவைத்தால் இழுவை போய்விடும். அது இன்னும் கட்டுகிறதா, வெறுமனே மூடுகிறதா என்று பார்க்க, துணியில் பேனாவால் குறுக்குவாட்டில் சின்னச் செவ்வகங்கள் வரைந்து கொடுப்பேன். இழுக்கும்போது செவ்வகம் சதுரமானால் இழுவை சரி. வீட்டில் கட்டிவிடும் கணவனுக்கோ மகளுக்கோ சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. ஷூவின் மேல்தோல் வெட்டிப் பழகிய கைக்கு அளவு சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒரு முறை பார்த்தால் இரண்டாம் முறை என்னைவிடச் சீராகக் கட்டுவார்கள்.

“இன்னும் இறுக்கிக் கட்டுனா சீக்கிரம் ஆறுமா சிஸ்டர்?” என்று கேட்காதவர் இல்லை. ஆறாது. கட்டி முடித்ததும் விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பேன், வெளுத்தது உடனே சிவக்க வேண்டும். பிறகு, கட்டோடு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்வேன். நடக்கும்போதுதான் கெண்டைத்தசை கட்டின் மேல் மோதி ரத்தத்தைத் தள்ளுகிறது. கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பாதிப் பலன்தான். விரல் நீலமானாலும், மரத்தாலும், இரவில் வலி ஏறினாலும் யாரையும் கேட்காமல் கட்டை வெட்டிவிடு என்று வீட்டில் ஒருவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தே அனுப்புவேன்.

புண் மூடியபின் அழுத்தக் காலுறை. மூடிய புண் திரும்பத் திறக்காமல் இருப்பது அதில்தான் இருக்கிறது. வேலூர் மே மாத வெயிலில் அதைப் போடச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால் பேரம் பேசுவேன். முழங்கால் வரை போதும், தொடை வரை வேண்டாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வீக்கம் ஏறுவதற்குள் போட வேண்டும். கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை போட்டுக்கொண்டால் சுலபமாக ஏறும். இரவு கழற்றிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றித் துவைத்துப் போட வேண்டும், ஆறு மாதத்தில் புதிதாக வாங்க வேண்டும். அழுத்தம் கூடிய இரண்டாம் வகுப்புக் காலுறை முடியாதவருக்கு அழுத்தம் குறைந்த முதல் வகுப்பாவது கொடுக்கலாம். அலமாரியில் மடித்து வைத்த நல்ல காலுறையைவிடக் காலில் இருக்கும் இளகிய காலுறை மேல்.

கட்டு மட்டும் போதும் என்று சொல்பவளும் இல்லை நான். பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கட்டோடு சேர்த்துக் கெட்ட சிரையை ஆரம்பத்திலேயே வெப்பத்தாலோ மருந்து நுரையாலோ அடைத்துவிட்டவர்களுக்குப் புண் ஆறச் சராசரியாக 56 நாள் ஆனது. கட்டை மட்டும் போட்டு, சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். கூலி வாங்கும் பெண்ணுக்கு அந்த 26 நாள் பெரிய விஷயம். ஆகவே புண் ஆறட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்காமல், டாப்ளர் ஸ்கேன் எடுத்து ரத்தநாள அறுவை மருத்துவரை ஆரம்பத்திலேயே பார்த்துவிடச் சொல்கிறேன்.

இனி ரத்தக்கட்டி. வெளியே தெரியும் சுருள் நரம்பைவிட எனக்குப் பயம் தருவது உள்ளே, தசைக்கு நடுவில் ஓடும் ஆழ்சிரையில் உறையும் ரத்தம். இந்தியர்களுக்கு இது அரிது என்று ஒரு நம்பிக்கை மருத்துவர்கள் நடுவிலேயே நீண்ட காலம் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையிலான தங்கள் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, உள்நோயாளிகள் 10,000 பேருக்குச் சுமார் 17 பேருக்கு ஆழ்சிரை உறைவு உறுதியாகியிருந்தது. தேடினால் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எங்களிடம் வரும்போது அது எப்படி வரும்? ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும். இரண்டும் வீங்கினால் சிறுநீரகம், இதயம், ரத்தசோகை என்று வேறு பக்கம் யோசிக்கலாம். ஒரு கால் மட்டும், அதுவும் சில நாளுக்குள், கெண்டையில் வலியோடும் சூட்டோடும் வீங்கினால் நான் தையற்காரரின் நாடா ஒன்றை எடுப்பேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரு புடைப்பு இருக்கிறது. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு காலையும் அளப்பேன். வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது. அன்றே ஸ்கேன். ஸ்கேன் அறையில் நடப்பது மிக எளிமையான சோதனை: கருவியால் சிரையை மெல்ல அழுத்துவார்கள். நல்ல சிரை தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் தட்டையாகாது.

இந்த நேரத்தில் செய்யவே கூடாத ஒன்றைத்தான் நம் வீடுகளில் முதலில் செய்கிறார்கள். எண்ணெய் காய்ச்சி, கெண்டையிலிருந்து தொடை வரை உருவிவிடுவது. சுளுக்கு, வாயு, நரம்புப் பிடிப்பு என்று நினைத்து அம்மாவோ மாமியாரோ அக்கறையோடு செய்வதுதான். ஆனால் உருவும்போது கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்தால் அது நேரே இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம், சிலருக்கு மரணம். ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

ரத்தம் உறைவதற்கு ஜெர்மானியர் விர்கோ 1850களில் சொன்ன மூன்று காரணங்களே இன்றும் அடிப்படை: ஓட்டம் தேங்குவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. இடுப்பெலும்பு உடைந்து படுத்திருப்பவர், புற்றுநோயாளி, பிரசவித்த தாய் எல்லாரும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலோ இரண்டிலோ இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையும் உறையும் தன்மையைக் கூட்டும். ஏற்கெனவே கால் வீக்கமோ, குடும்பத்தில் ரத்தக்கட்டியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பிரசவித்தவளுக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மதுரையில் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்த தாய்மார்களைப் பற்றி 1980களிலேயே விரிவாக எழுதினார். தாய் தண்ணீர் குடிக்கட்டும், எழுந்து நடக்கட்டும். கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் ஷிப்டை ஓட்டும் லைன் பெண்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கட்டி உறுதியானால் மருந்து உண்டு, நல்ல மருந்துகள். முதலில் ஹெப்பாரின் ஊசி, பிறகு வார்ஃபரின் வகை மாத்திரைகள், அல்லது இப்போது வந்திருக்கும் புதிய மாத்திரைகள். இவை கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளரவிடாமல் தடுக்கின்றன; கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்கிறது. குறைந்தது மூன்று மாதம். வீக்கம் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துபவர்களோடுதான் என் சண்டை. வார்ஃபரின் வகை சாப்பிடுகிறவர் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரையை விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூட்டுவலிக்கென்று தானாக வாங்கும் வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும்.

இதுவரை சிரை; இனித் தமனி. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் அதிகம். பீடி பிடிக்கும் ஆண்களும் அதிகம். நாற்பது வயது ஆவதற்குள் பாதத்தில் நாடி இல்லாமல், விரல் கறுத்து வரும் இளைஞர்களுக்கு இருப்பது பெரும்பாலும் பர்கர் நோய். 1908-இல் லியோ பர்கர் விவரித்த இந்த நோயில் சின்னத் தமனிகளும் சிரைகளும் வீங்கி உறைந்துபோகின்றன. தோலுக்கு அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிரை சிவந்து கட்டியாவது அதற்கு முன்னறிவிப்பு. அந்த நிலையில் புகையிலையை அடியோடு விட்டவர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டவருக்கு விரல், பாதம், முழங்கால் என்று வெட்டு ஏறுகிறது. இதில் நடுவழி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

தமனியைக் கெடுக்கும் இன்னொன்று கால்சியம். டேனரியில் தோலின் ரோமம் கழலச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறப்போடுவார்கள். அந்தப் பிரிவில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தன் காலின் எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்தச் சுண்ணாம்புதான் நரம்புல ஏறிடுச்சாம்மா?” பாதத்தின் படத்தில் தமனியின் இரண்டு சுவரும் இணைகோடுகளாக வெள்ளையாகத் தெரிந்தன. நியாயமான கேள்வி. பதில், இல்லை. சுண்ணாம்பு தோலை எரிக்கும், வெடிக்கவைக்கும், புண்ணாக்கும். ஆனால் தோல் வழியாகப் போய் ரத்தக்குழாயில் படியாது. சாப்பாட்டில் வரும் கால்சியமும் அப்படி நேரே போய் ஒட்டுவதில்லை. ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகக் குறுகிய எல்லைக்குள் கட்டிக்காக்கின்றன. நடப்பது வேறு. நீண்ட காலச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, வயது ஆகியவற்றால் தமனிச் சுவரின் தசை அணுக்களே குணம் மாறி, எலும்பு கட்டும் அணுக்கள் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. தமனியின் நடுச்சுவர் சுண்ணமாகிறது. நல்லபடியாகப் பதனிட்ட தோலை மடக்கினால் மடங்கும், வெயிலில் காய்ந்துபோன பச்சைத்தோல் மடங்காது. உங்கள் தமனி அந்தக் காய்ந்த தோலாகிவிட்டது என்றேன். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்தச் சுண்ணம் என் கையையும் கருவியையும் ஏமாற்றக்கூடியது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். நாடி சந்தேகமாக இருந்தால், கணுக்காலில் பி.பி. பட்டையைக் கட்டி, கையடக்க டாப்ளரால் ஒலி கேட்டு, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்போம். 0.9-க்கு மேல் இருந்தால் இயல்பு. 0.8 வரை முழு அழுத்தத்தில் கட்டலாம். அதற்குக் கீழே போனால் அழுத்தம் குறைக்க வேண்டும், 0.5-க்குக் கீழே அழுத்தக் கட்டே கூடாது, உடனே ரத்தநாள மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் சுண்ணம் பிடித்த தமனியைப் பட்டையால் அமுக்கவே முடியாது. அதனால் உள்ளே ரத்தம் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தாலும் கணக்கு 1.4, 1.5 என்று அழகாக வரும். சில நேரம் அடைப்பு குறைப்பதும் சுண்ணம் கூட்டுவதும் ஒன்றையொன்று ஈடுகட்டி 1.0 என்று கூட வரும். சர்க்கரை நோயாளியின் காலில் எண் நன்றாக இருக்கிறது என்று நம்பி அழுத்திக் கட்டுவது இங்கேதான் விபரீதமாகிறது. ஆகவே சர்க்கரை உள்ளவருக்கு எண்ணோடு நிறுத்தமாட்டேன். டாப்ளரில் நல்ல தமனி மூன்று அடுக்கு ஒலி தரும்; கெட்டது ஒரே இரைச்சலாக வரும். காலை உயர்த்திப் பிடித்தால் வெளுத்து, தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாகிறதா என்று பார்ப்பேன். பெருவிரலின் சின்னத் தமனியில் சுண்ணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்பதால் விரல் அழுத்தம் அளக்கும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவேன். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். ஒரு காலுக்காக அந்தத் தூரம் போய்வரலாம்.

சிரையிலும் கால்சியம் படியும். அது வேறு கதை, பெரும்பாலும் பயமில்லாத கதை. சிரைக்குள் பழைய சின்னக் கட்டி ஒன்று கரையாமல் நின்று, காலப்போக்கில் சுண்ணமாகி, இடுப்பு எக்ஸ்ரேயில் உருண்டையாக, நடுவில் சற்று வெளுப்பு குறைந்து தெரியும். சிறுநீரகக் கல் என்று பதறி வருவார்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். கணுக்கால் புண் பல வருடம் ஆறாமல் கிடந்தவர்களுக்குத் தோலுக்கு அடியிலேயே கால்சியம் படிந்து விரலில் நறநறவென்று தட்டுப்படும். எல்லாம் சரியாகச் செய்தும் புண் மூடவில்லை என்றால் அதைத் தேட வேண்டும். அந்தத் துணுக்குகளை அறுவை மருத்துவர் எடுத்தபின் மூடிய புண்களைப் பார்த்திருக்கிறேன்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம் அடைப்பைக் கரைக்கும் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை என்னிடம் காட்டாத வாரம் கிடையாது. சமையலில் பூண்டும் இஞ்சியும் இருக்கட்டும். ஆனால் தமனிச் சுவரில் படிந்த சுண்ணத்தைக் கரைத்து வெளியேற்றும் கஷாயமோ மாத்திரையோ ஊசியோ இன்று வரை நிரூபிக்கப்படவில்லை. கொழுப்புக்கு மருத்துவர் தரும் ஸ்டாட்டின் கூடச் சுண்ணத்தைக் குறைப்பதில்லை. அது படிவை வெடிக்காமல் நிலைப்படுத்துகிறது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கிறது. அதனால் கட்டாயம் சாப்பிட வேண்டியது. மிகவும் சுண்ணம் பிடித்த தமனியை அதிர்வலை தரும் பலூனால் நொறுக்கி விரிக்கும் முறை வந்திருக்கிறது. முடியாதபோது நோயாளியின் சொந்தச் சிரையையே எடுத்து மாற்றுவழி போடுகிறார்கள். தன் காலின் நல்ல சிரை ஒன்று அப்போது உயிர் காக்கும். கஷாயத்தை நம்பி மூன்று மாதம் போனபின் வரும் காலில் இந்த வாய்ப்புகள் குறைந்துவிடுகின்றன. என் கோபம் கஷாயத்தின் மேல் இல்லை, அந்த மூன்று மாதத்தின் மேல்.

வராமல் காக்கத்தான் நம் கையில் நிறைய இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள், புகையிலை அறவே கூடாது, சிறுநீரகத்தை வருடம் ஒரு முறை சோதிப்பது, தினம் அரை மணி நடப்பது. நின்று வேலை செய்பவர் கால்மணிக்கு ஒரு முறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்கினால் கெண்டைத்தசை தன் வேலையைச் செய்யும். லைனை விட்டு நகர வேண்டியதில்லை, டார்கெட் குறையாது. ஒரு பாதத்தை மாற்றி மாற்றி வைக்க அரையடி உயரப் பலகை ஒன்று காலடியில் இருந்தால் இன்னும் நல்லது.

நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இடையில் ஓய்வாக உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-வது பிரிவிலேயே சொல்லிவிட்டது. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்காக 2021-இல் தமிழ்நாடு அரசு தனியாகச் சட்டத்திருத்தமே கொண்டுவந்தது. ஆகவே நான் கேட்பது புதிது இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் கம்பெனி நடத்தும் பாய்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும், லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நிற்கும் ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்திலும் ஸ்டூல் போடுங்கள், அதில் உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள். உங்களிடம் வேலை செய்யும் அக்காவின் கணுக்கால் பழுப்பேறியிருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், அன்றைய ஷிப்டை முடிக்கச் சொல்லாமல் ஈ.எஸ்.ஐ. அட்டையோடு அன்றே அனுப்பிவையுங்கள்.